'அப்படியே பொருந்தும்' என்று விற்ற சஸ்பென்ஷன் பாகங்கள்: பழைய பிக்கப்பைப் புதுப்பிப்பவர்கள் வாங்குமுன் படியுங்கள்

"அப்படியே பொருந்தும், வெட்டவோ பற்றவைக்கவோ வேண்டாம்." விளம்பரத்திலும் பெட்டியின் மேலும் இருந்த இந்த வரியை நம்பித்தான் என் பழைய பிக்கப்புக்கு முன், பின் சஸ்பென்ஷன் பாகங்கள் முழுவதையும் ஒரே விற்பனையாளரிடம் வாங்கினேன். அந்த வரி பொய். பாகங்கள் பொருந்தவில்லை என்பதோடு போயிருந்தால் பணம் போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்தப் பாகங்களோடு வண்டி வேகமாகப் போகும் சாலையில் ஏறியிருந்தால் முன்சக்கரம் கழன்று மடிந்திருக்கும். அதே பெட்டி இன்னமும் விற்பனையில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி 1969-ஆம் ஆண்டு செவ்ரொலே சி10. அப்பா ஓட்டியது. மூன்று ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் மட்டும் வேலை செய்து, சேஸிஸைத் தனியே பிரித்து, துருவைச் சுரண்டி வண்ணம் பூசும் வரை வந்திருந்தேன். முன்பக்கத்துப் பால் ஜாயிண்ட்கள் (சக்கரத்தைத் தாங்கும் பந்து மூட்டுகள்) கையால் அசைத்தாலே ஆடின. புஷ்கள் (அசையும் இணைப்புகளுக்குள் இருக்கும் உறைகள்) தேய்ந்திருந்தன. ஓட்டுநர் பக்கத்துச் சுருள்வில் அமர்ந்துபோய், வண்டி எப்போதும் ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். சேஸிஸையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும், தகட்டை அழுத்திச் செய்த பழைய கன்ட்ரோல் ஆர்ம்கள் மட்டும் நன்றாக இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு புஷ்ஷையும் ஜாயிண்டையும் மட்டும் மாற்றியிருக்கலாம். வண்டியைச் சற்றுத் தாழ்த்தி, குழாயில் செய்த புதிய ஆர்ம்களைப் போட வேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன்.

விளம்பரம் '1963 முதல் 1972 வரை எல்லா வண்டிகளுக்கும்' என்றது. இந்த வரிசையின் வரலாறு தெரிந்தவர் அந்த இடத்திலேயே நின்று யோசிக்க வேண்டும். 1960-இல் இந்த வண்டிகளுக்கு முன்பக்கத்தில் டார்ஷன் பார் (முறுக்கத்தால் வில்லாக வேலை செய்யும் கம்பி) இருந்தது; 1963-இல் அதை எடுத்துவிட்டுச் சுருள்வில்லைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சுருள்வில் அமைப்பு 1972 வரை தொடர்ந்தது என்பது உண்மைதான். ஆனால் 1971-இல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. ஆறு போல்ட் சக்கரம் ஐந்து போல்ட் சக்கரமாயிற்று. ஸ்டீயரிங் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கி, ஸ்டீயரிங்கோடு திரும்பும் இரும்புப் பாகம்) அதற்கேற்ற பால் ஜாயிண்டும் மாறின. என் வண்டியில் இருப்பது டிரம் பிரேக்குக்கான பழைய நக்கிள். இது எனக்குத் தெரியும் என்பதால்தான் பணம் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேட்டேன்: "1969 வண்டி, டிரம் பிரேக், பழைய நக்கிளை மாற்றப்போவதில்லை. உங்கள் கீழ் ஆர்மில் வரும் பால் ஜாயிண்ட் இதில் உட்காருமா?" ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "கண்டிப்பாகப் பொருந்தும் சார். நிறையப் பேர் வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள்." அந்தப் பதிலை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது அது ஒன்றுதான்.

பெட்டி வந்தது. பளபளவென்று கறுப்புப் பவுடர் பூச்சு. முதலில் கீழ் ஆர்மைச் சேஸிஸில் மாட்டி, சுருள்வில் இல்லாமல் நக்கிளைத் தூக்கி ஜாயிண்டின் மேல் வைத்துப் பார்த்தேன். (முதல் பொருத்தத்தை எப்போதும் வில் இல்லாமல் செய்யுங்கள். அழுத்தி வைத்த வில் விடுபட்டால் கையை அல்ல, உயிரையே எடுக்கும்.) பால் ஜாயிண்டின் தண்டு கூம்பு வடிவில் இருக்கும். நக்கிளின் துளையும் அதே கூம்பு. இரண்டும் ஒன்றோடொன்று இறுகி ஒரே இரும்பாக நிற்க வேண்டும். பாரத்தைத் தாங்குவது அந்தப் பிடிதான். நட்டின் வேலை கூம்பை உள்ளே இழுத்து வைத்திருப்பது மட்டுமே. என் நக்கிளில் அந்தத் தண்டு பாதிதான் ஏறியது. நட்டைப் போட்டால் நான்கைந்து மரை மட்டும் பிடித்தது. நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் போட வேண்டிய துளை நட்டுக்குள்ளேயே புதைந்து கிடந்தது.

தண்டைத் துடைத்து, நீல மையை மெல்லியதாகப் பூசி, மறுபடி துளைக்குள் நுழைத்து அரைச் சுற்றுத் திருப்பி எடுத்தேன். சரியான பொருத்தம் என்றால் மை கூம்பின் நீளம் முழுவதும் தேய்ந்திருக்க வேண்டும். இங்கே துளையின் வாயில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் மட்டும் தேய்ந்திருந்தது. அதற்கு மேல் மை அப்படியே ஈரமாக இருந்தது. அந்த ஒற்றை வளையத்தின் மேல்தான் வண்டியின் முன்பாரம் உட்காரப் போகிறது. சி10-இல் சுருள்வில் கீழ் ஆர்மின் மேல் நிற்கிறது. ஆகவே பாரம் முழுவதும் கீழ்ப் பால் ஜாயிண்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும். கூம்பில் பிடி இல்லாத தண்டு ஒவ்வொரு குழியிலும் நுண்ணளவு வளைந்து நிமிரும். பல ஆயிரம் முறை அப்படி வளைந்தால் இரும்பு களைத்து ஒருநாள் முறியும். எந்த நாள் என்று அது சொல்லிவிட்டு முறியாது.

விற்பனையாளரை அழைத்தேன். "நட்டை நன்றாக இறுக்குங்கள் சார், தானாக உட்கார்ந்துவிடும். தேவைப்பட்டால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்" என்றார். ஸ்டீயரிங் நக்கிளின் துளையைக் கையால் பெரிதாக்கச் சொல்லும் மனிதர், தாம் விற்பது என்னவென்றே தெரியாதவராக இருக்க வேண்டும். தெரிந்தே சொன்னால் அது குற்றம். அந்த நிமிடத்தில் அவர் மேல் எனக்கிருந்த நம்பிக்கை முழுவதும் போயிற்று. பெட்டியில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து அளக்கத் தொடங்கினேன்.

சுருள்வில்லின் கம்பி 17 மில்லிமீட்டர் தடிமன் என்று எழுதியிருந்தார்கள். ஓரத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டு வெர்னியர் காலிப்பரால் அளந்தால் 16. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வில்லின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. சுருளின் விட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாத நிலையில், 17 இருக்க வேண்டிய இடத்தில் 16 இருந்தால் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். வண்டி நினைத்ததைவிடத் தாழ்ந்து, சிறு மேட்டுக்கும் ஆர்ம் போய் ரப்பர்த் தடுப்பில் இடிக்கும். இடது வில்லுக்கும் வலது வில்லுக்கும் இடையே உயரத்தில் ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம் வேறு. சாய்வைச் சரிசெய்யத்தானே புது வில்லே வாங்கினேன்!

பின்பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வண்டியின் பின் ஆக்சிலை இரண்டு நீண்ட ட்ரெயிலிங் ஆர்ம்கள் (ஆக்சிலிலிருந்து முன்னோக்கிச் சேஸிஸுக்குப் போகும் கைகள்) பிடித்திருக்கின்றன. பக்கவாட்டில் நகராமல் ஒரு குறுக்குத் தண்டு தடுக்கிறது. அந்தத் தண்டின் ஒரு முனை சேஸிஸிலும் மறு முனை ஆக்சிலிலும் இருப்பதால், வண்டியைத் தாழ்த்தினால் ஆக்சில் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். அதைத் திருத்த, நீளத்தை மாற்றக்கூடிய தண்டு வேண்டும். விளம்பரப் படத்தில் இருந்தது அதுதான். பெட்டியில் வந்ததோ மாற்ற முடியாத ஒற்றைக் குழாய்.

போல்ட்கள்: தலையில் ஒரு கோடுகூட இல்லை. அங்குல அளவு போல்ட்களில் கிரேடு 5-க்கு மூன்று கோடு, கிரேடு 8-க்கு ஆறு கோடு தலையில் இருக்கும். மில்லிமீட்டர் போல்ட்களில் 8.8, 10.9 என்று எண்ணே பொறித்திருக்கும். குறியே இல்லாத போல்ட்டை வேலிக் கதவுக்குப் போடலாம், சஸ்பென்ஷனுக்குப் போடக் கூடாது. விளம்பரத்தில் 'கிரேடு 8 போல்ட்களுடன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

ஆனாலும் இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. என்னை நடுங்க வைத்தது பூச்சுக்கு அடியில் இருந்தது.

அம்மாவின் தம்பி பாய்லர் பட்டறையில் வெல்டிங் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து கீழ் ஆர்மைக் கையில் எடுத்து, பால் ஜாயிண்ட் கிண்ணத்தைச் சுற்றியிருந்த வெல்டிங்கின் மேல் நகத்தை ஓட்டினார். "பூச்சில் ஒரு மயிரிழை ஓடுகிறது, பார்" என்றார். எனக்கு முதலில் தெரியவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் தெரிந்தது. நான் உடனே கிரைண்டரை எடுக்கப் போனேன், மாமா தடுத்துவிட்டார். தேய்த்தாலும் மணலால் அடித்தாலும் இரும்பு இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடுமாம். பூச்சைக் கரைக்கும் திரவத்தைத் தடவித்தான் எடுக்க வேண்டும். "ஒன்றில் மட்டும் எடு. மற்றதைத் தொடாதே. நாளை அவன் உன்னைத்தான் குற்றம் சொல்வான்" என்றும் சொன்னார். எவ்வளவு சரியான பேச்சு என்பது பிறகு புரிந்தது.

பூச்சை நீக்கிச் சுத்தம் செய்த இடத்தில் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு துணியால் துடைத்தார். இரும்பு மறுபடி வெறுமையாக, குற்றமற்றதாகத் தெரிந்தது. அதன் மேல் வெள்ளை மாவுபோன்ற திரவத்தை மெல்லியதாக அடித்தார். வெள்ளை காயக் காய, கிண்ணத்தின் ஓரத்தில் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி. அது நீண்டது. இரண்டு நிமிடத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு வெல்டிங்கின் விளிம்பை ஒட்டி வளைந்து நின்றது. விரிசலுக்குள் புகுந்திருந்த சாயம் வெளியே கசிந்து வரைந்த கோடு அது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத, புத்தம் புதிய பாகம்! மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "இதைப் போட்டு வண்டியை எடுத்திருப்பாயே" என்று மட்டும் சொன்னார்.

படங்கள், அளவுகள், விளம்பரத்தின் நகல், அவர்கள் எழுதிய பதில் எல்லாவற்றையும் சேர்த்துப் பணத்தைத் திருப்பித் தரும்படி எழுதினேன். முதலில், "தகுதியான மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்துங்கள்" என்றார்கள். அடுத்து, "பொருத்திப் பார்த்த அடையாளம் இருப்பதால் திரும்பப் பெற இயலாது" என்றார்கள். பொருத்திப் பார்க்காமல் பொருந்தாது என்பதை ஒருவர் எப்படித்தான் கண்டுபிடிப்பது? மூன்றாவதாக, பூச்சை நீக்கியதால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். பூச்சை நீக்காத மூன்று ஆர்ம்களும் உறையோடு இருக்கின்றன என்று படம் அனுப்பியதும் பதிலே நின்றுபோயிற்று. இதற்கிடையே விளம்பரத்தில் அந்த முதல் வரி மாறியிருந்தது: "சில வண்டிகளில் சிறு மாற்றங்கள் தேவைப்படலாம்." பழைய வரியின் நகல் என்னிடம் இல்லாவிட்டால் நான் பொய் சொல்கிறேன் என்றே முடிந்திருக்கும்.

கடைசியில் வங்கியில் முறையிட்டேன். கார்டில் பணம் கட்டியிருந்ததால் அதற்கு வழி இருந்தது. எழுத்தில் கேட்டதும் எழுத்தில் வந்த பதிலும் கையில் இருந்ததால் ஆர்ம்களுக்கான பணம் இரண்டு மாதத்தில் திரும்பியது. வில், குறுக்குத் தண்டு, போல்ட்கள், அனுப்பிய கூலி ஆகியவை போனவை போனவைதான். ஆகவே கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வெளியார் செய்த சஸ்பென்ஷன் பாகம் எதை வாங்கினாலும், உங்கள் வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லாமல் நக்கிளும் பிரேக்கும் எந்த வகை என்பதையும் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். விளம்பரப் பக்கத்தை அன்றே நகலெடுங்கள். பாகம் வந்த அன்றே அளந்து பாருங்கள். என்னைப்போல் பெட்டியை ஒரு மாதம் மூலையில் போட்டு வைக்காதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் ஓடிவிடும். வில் இல்லாமல் மாட்டி, ஜாக்கியால் ஆர்மை மேலும் கீழும் முழு தூரம் நகர்த்தி, எதுவும் எதிலும் இடிக்கிறதா, ஸ்டீயரிங் திரும்புகிறதா என்று பார்க்கும் வரை எந்த நட்டையும் இறுதியாக இறுக்காதீர்கள்.

என் வண்டிக்கு இப்போது பழைய ஆர்ம்களையே சுத்தம் செய்து, விரிசல் சோதனை பார்த்து, புதிய புஷ்ஷும் 1969 நக்கிளுக்குரிய பால் ஜாயிண்டும் போட்டிருக்கிறேன். அதே நீல மையைத் தடவிப் பார்த்தேன். கூம்பு முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்து வந்தது. காட்டர் பின் துளை நட்டின் வெட்டுக்கு நேராக நின்றது. வண்டியைத் தாழ்த்தும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அப்பா ஓட்டிய உயரத்திலேயே நிற்கட்டும்.

அந்த விரிசல் விட்ட ஆர்மை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று கட்டரால் குறுக்கே வெட்டினேன். வெட்டிய முகத்தைத் துடைத்துப் பார்த்தபோது, வெளியே அழகாக அடுக்கடுக்காகத் தெரிந்த வெல்டிங்குக்குள்ளே குழாயின் விளிம்பு உருகவே இல்லை. தொழிற்சாலையில் குழாயை அறுத்தபோது விழுந்த ரம்பக் கோடுகள்கூட அதில் அழியாமல் இருந்தன. உருகிய உலோகம் மேலே ஒட்டிக்கொண்டு நின்றதே தவிர, இரண்டு இரும்பும் எந்த இடத்திலும் சேரவில்லை. அந்தப் படத்தையும் விற்பனையாளருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை. பெட்டி இன்று காலையும் விற்பனைப் பட்டியலில் இருந்தது.