அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா? சேலத்திலிருந்து கிளம்பும் இருவருக்கு

தை, மாசியில் சேலத்துக் கல்யாண மண்டபங்கள் நிறையும்போதே இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "ரெண்டு பேரும் எங்கேயாவது தீவுக்குப் போகலாம்னு இருக்கோம், எது நல்லா இருக்கும்?" கேட்பவர்கள் புதுமணத் தம்பதிகள் மட்டுமில்லை. பிள்ளைகளை விடுதியில் சேர்த்துவிட்டு முதல் முறையாக இருவர் மட்டும் கிளம்புகிறவர்கள் கேட்கிறார்கள். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு முடிந்த கையோடு, மலைக் குளிரை விட்டுக் கொஞ்ச நாள் வெதுவெதுப்பான இடத்தில் சும்மா இருக்க விரும்புகிறவர்களும் கேட்கிறார்கள்.

நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் தீவுக் கூட்டங்கள் மூன்று: அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு. படத்தைப் பார்த்து முடிவு செய்யப் போனால் முடிவே வராது; மூன்றிலும் தண்ணீர் ஒரே நீலம்தான். ஓய்வுக்காகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் வேறு. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை பெட்டியை எத்தனை முறை அடுக்கி மூட வேண்டும்? எத்தனை வண்டி மாற வேண்டும்? அந்த எண்ணிக்கை குறைவாக இருக்கும் பயணமே ஓய்வு தரும். பார்த்த இடங்களின் பட்டியல் நீளமாக இருந்தால் அது சுற்றுலா. அதுவும் நல்லதுதான், ஆனால் வேறு விஷயம்.

எந்த மாதம்

நகை, மண்டபம், சமையல் என்று கல்யாணத்தை நம்பியிருக்கும் தொழில்காரர்களுக்கு ஆடியில்தான் கை ஓயும். கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டி உள்ளூர் விடுமுறையும் கிடைக்கும். ஆனால் ஆடி மூன்று தீவுகளுக்குமே ஆகாத மாதம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம் அது. கடல் கொந்தளிக்கும், படகுகள் ரத்தாகும். மே மாதப் பள்ளி விடுமுறையும் சரிவராது. அந்தமானில் மே மூன்றாவது வாரத்திலேயே மழை தொடங்கிவிடும். லட்சத்தீவுக்கான சுற்றுலாக் கப்பல்கள் மே நடுவில் நின்றுவிடும். மாலத்தீவில் மட்டும் மழைக்காலத்திலும் விடுதிகள் விலையைக் குறைத்துக்கொண்டு இயங்கும். விட்டு விட்டுப் பெய்யும் மழையைப் பொருட்படுத்தாதவர்களுக்கு அது ஒரு வழி.

பொங்கல் முடிந்து பங்குனி வரை, அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை மூன்றுக்குமே நல்ல காலம். காப்பித் தோட்டக்காரர்களுக்கும் அறுவடைக்கும் செடியைப் பூக்கவைக்கும் பூ மழைக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளி இதுதான்.

சேலத்திலிருந்து கிளம்பினால்

இங்கேதான் மூன்றும் உண்மையில் பிரிகின்றன.

அந்தமானுக்குச் சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். பெங்களூரிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. ஆனால் தேவனஹள்ளி விமான நிலையம் பெங்களூரைத் தாண்டி வடக்கே இருப்பதால், காலை விமானத்துக்கு நடுராத்திரியே சேலத்தை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். அதைவிட ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் போகும் சேலம் - எழும்பூர் இரவு ரயில் மேல். தாம்பரத்தில் இறங்கினால் விமான நிலையம் பக்கம்தான். கப்பலில் போக ஆசைப்படுகிறவர்களும் உண்டு. சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். ஒரு வார விடுப்பில் அதற்கு இடமில்லை.

லட்சத்தீவுக்குக் கொச்சிதான் முக்கிய வாசல். சேலத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு இரவு ரயில்கள் நிறைய. ஆறேழு மணி நேரம். அங்கிருந்து லட்சத்தீவின் விமான நிலையம் இருக்கும் அகத்தித் தீவுக்குச் சிறிய விமானத்தில் ஒன்றரை மணி நேரம். கப்பல் என்றால் தீவைப் பொறுத்துப் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம்.

மாலத்தீவுக்குக் கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விமானம் உண்டு. ஏறினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் மாலே. இந்தியர்கள் முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டும், தங்குமிடப் பதிவும், திரும்பும் டிக்கெட்டும், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்பிய இணையப் படிவமும் போதும்.

நம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னை, பெங்களூரு, கொச்சிக்கெல்லாம் சிறு விமானங்கள் இயங்கியிருக்கின்றன. ஆனால் அந்த அட்டவணை அடிக்கடி மாறுவதால், அதை நம்பி அதே நாளில் தீவு விமானத்தைப் பிடிக்கத் திட்டமிட வேண்டாம்.

இறங்கிய பிறகு

விமானத்தில் இறங்கியதும் பயணம் முடிந்தது என்று நினைப்பது மூன்று இடங்களிலுமே தவறு.

அந்தமானின் விமான நிலையம் இருப்பது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேரில். நாம் மனதில் வைத்திருக்கும் கடற்கரைகள் அங்கே இல்லை. ஹேவ்லாக், நீல் என்ற தீவுகளில் இருக்கின்றன. 2018இல் அவற்றுக்கு ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். பேச்சில் பழைய பெயர்தான். தனியார் கப்பலில் ஹேவ்லாக்குக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம், ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்கு ஒரு மணி நேரம். பயண ஏற்பாட்டாளர்கள் தரும் ஆறு நாள் திட்டத்தில் பெரும்பாலும் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், மறுபடி போர்ட் பிளேர் என்று மூன்று முறை அறை மாற வேண்டியிருக்கும். காலை ஏழு மணிக்குப் பெட்டியோடு படகுத் துறையில் நிற்பது ஓய்வு ஆகாது. அந்தத் திட்டத்தை அப்படியே வாங்காதீர்கள்.

மாலத்தீவில் விடுதி எந்த அட்டோலில் (வளையமாக அமைந்த பவளத் தீவுக் கூட்டம்) இருக்கிறது என்று பார்க்காமல் பணம் கட்டிவிடுகிறார்கள். மாலேவுக்குப் பக்கம் என்றால் வேகப் படகு. தூரம் என்றால் கடல் விமானம், இருவருக்கும் போய்வர பல நூறு டாலர். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலை நான்கு மணிக்கு இறங்கினால் அன்றிரவு மாலேயிலேயே தங்க வேண்டி வரலாம். விடுதி அறைக்குக் கட்டிய ஒரு ராத்திரி அப்படியே போகும். வேகப் படகு தூரத்தில் இருக்கும் விடுதியாகத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

லட்சத்தீவில் கரைக்கு வருவதே ஒரு வேலை. பவளத் திட்டு சூழ்ந்திருப்பதால் பல தீவுகளில் பெரிய கப்பல் வெளியிலேயே நிற்கும்; அலையில் ஆடும் சிறு படகில் இறங்கித்தான் கரை சேர வேண்டும். முட்டி வலி இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கடல் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாதவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னல் சீட்டும் எலுமிச்சம்பழமும் இல்லாமல் முடியாது என்கிறவரா நீங்கள்? அப்படியானால் இரவு முழுக்கக் கப்பலில் இருக்கும் திட்டம் வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு வாந்தி மாத்திரையை முன்னாடியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லட்சத்தீவின் அழகும் அதன் கதவும்

கடல் மட்டும்தான் கணக்கு என்றால் என் ஓட்டு லட்சத்தீவுக்குத்தான். மொத்தம் 36 தீவுகள், மக்கள் வாழ்பவை பத்து, எல்லாம் சேர்த்தும் 32 சதுர கிலோமீட்டர். பெரும்பாலான தீவுகளை ஒட்டி அமைதியான காயல், அதைச் சுற்றிப் பவளத் திட்டு, அதற்கு வெளியேதான் அலை. நீச்சல் தெரியாதவரும் காயலுக்குள் இடுப்பளவு நீரில் மணிக்கணக்கில் நிற்கலாம். மேட்டூர் அணையும் காவிரியும்தான் நாம் அறிந்த தண்ணீர் என்பதால் நம் பக்கத்துப் பெண்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. அவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் இந்தியர்களுக்கே முன் அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. தங்குமிடங்கள் குறைவு. அகத்தி ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர்தான் என்பதால் பெரிய விமானம் இறங்காது. இருக்கைகள் சீக்கிரம் தீரும். 2024 ஜனவரியில் பிரதமர் போய்வந்த பிறகு எல்லோர் பார்வையும் அந்தப் பக்கம் திரும்பியதால் போட்டியும் கூடிவிட்டது.

அரசின் சுற்றுலா அமைப்பு நடத்தும் 'சமுத்திரம்' திட்டத்தில் எம்.வி. கவரத்தி கப்பல் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றுக்கும் கூட்டிப்போகும். பகலில் தீவு, இரவில் கப்பல். இதில் தம்பதிகள் கவனிக்க வேண்டியது அறை வகை: டைமண்ட் வகுப்பில் இரண்டு படுக்கை, கோல்டு வகுப்பில் நான்கு. கோல்டு எடுத்தால் இன்னும் இருவரோடு அறையைப் பகிர நேரிடும். தனிமைக்காகப் போகிறவர்கள் டைமண்ட் கிடைக்காவிட்டால் தேதியைத் தள்ளிப் போடலாம். மினிக்காயில் 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அந்தத் தீவுக்காரர்கள் பேசும் மஹல் மொழி மாலத்தீவு மொழியின் உறவு. கடல் எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு நாடு, இந்தப் பக்கம் நம் நாடு, நடுவில் ஒரே பேச்சு. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

ஒரே தீவில் அசையாமல் இருக்க விரும்பினால் கட்மத் அல்லது பங்காரம். மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது. பங்காரத்தில் மட்டும் உண்டு.

கையைக் கடிப்பது எது

மாலத்தீவில் விடுதியின் இணையப் பக்கத்தில் காட்டும் அறை வாடகை முழு விலை இல்லை. சுற்றுலா வரி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். அதோடு சேவைக் கட்டணம், வழக்கமாகப் பத்து சதவீதம். அப்புறம் பசுமை வரி: பெரிய விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், உள்ளூர்த் தீவின் சிறு விருந்தினர் இல்லத்தில் ஆறு டாலர். தனித் தீவு விடுதியில் வேறு கடையே இருக்காது. ஒரு வேளைச் சாப்பாடும் அவர்கள் சொல்லும் விலைதான். ஆகவே மூன்று வேளை உணவும் படகும் அடங்கிய விலையைக் கேட்டு வாங்கி அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

மாஃபுஷி, துலுஸ்தூ போன்ற உள்ளூர்த் தீவுகளில் செலவு பாதிக்கும் கீழே வரும். ஆனால் அங்கே மது இல்லை, நீச்சல் உடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், வெள்ளிக்கிழமை பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடாது. பூஜைக்கு என்று சாமி சிலை எடுத்துப் போகாதீர்கள். வழிபாட்டுச் சிலைகளுக்கு அந்நாட்டில் தடை உண்டு.

அந்தமானில் செலவு நம் கைக்குள் இருக்கும். விமானக் கட்டணம்தான் ஏறி இறங்கும். மற்றபடி அறையிலும் சாப்பாட்டிலும் சிறிது, பெரிது எல்லாம் உண்டு. லட்சத்தீவில் செலவைவிடக் கிடைப்பதுதான் கஷ்டம்.

அந்தமானில் கவனிக்க

அலை ஏற்ற இறக்கம் அங்கே இரண்டு மீட்டர் வரை இருக்கும். வற்று நேரத்தில் நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் பாறையும் பவளமும்தான் தெரியும். நிறைநீரில் அதே இடம் குளிக்க அருமை. தங்குமிடத்தில் அன்றைய ஏற்ற இறக்க நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில கடற்கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும், அதை மீறவே கூடாது. மாலையில் மணல் ஈ கடிக்கும்.

இன்னொன்று, பொழுது. இந்திய நேரத்தைத்தான் அங்கும் வைத்திருக்கிறார்கள், ஆனால் கிழக்கே வெகுதூரம். ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். லட்சத்தீவோடு ஒப்பிட்டால் சூரியக் கணக்கில் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். எட்டு மணி வரை தூங்கி எழும் ஜோடிக்கு அந்தமானில் பகல் சுருங்கிவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க நாலரைக்கே போய் உட்கார வேண்டும்.

மொழிக் கவலை இல்லை. போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. வெற்றிமலை முருகன் கோயிலும் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு மூன்றிலும் வசதி இங்கேதான். எங்கே போனாலும் தட்டுவடை ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள், கப்பலில் நன்றாகக் கைகொடுக்கும்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு ஒரு நாள் போய் வரச் சொல்வார்கள். அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போகிறது. அவர்களை வேடிக்கை பார்க்கும் பயணமாக அது மாறிவிடுவதை நான் விரும்பவில்லை. விட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

என் தேர்வு

கையில் நான்கே நாள், பணம் பொருட்டில்லை என்றால் மாலத்தீவு, வேகப் படகு விடுதி. ரயில், விமானம், படகு என்று மூன்று வண்டி, ஒரே அறை, பெட்டி ஒரே முறை திறக்கும். தேதியில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கும், மாதக் கணக்கில் முன்னே திட்டமிட முடிந்தவர்களுக்கும் லட்சத்தீவு.

ஒரு வாரம் விடுப்பு கிடைக்கும் சராசரி சேலத்து ஜோடிக்கு நான் சொல்வது அந்தமான், அதிலும் நீல் தீவு. ஹேவ்லாக்கைவிடச் சிறியது, சமதரை, காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கி மாலையில் செல்லுலார் சிறையைப் பாருங்கள். மறுநாள் நீலுக்குப் போய் நான்கு இரவு அங்கேயே தங்கிவிடுங்கள். ராதாநகரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதில் ஒரு இரவை ஹேவ்லாக்குக்குக் கொடுக்கலாம். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு மட்டும் கட்டாயம் போர்ட் பிளேரில் இருங்கள். காற்று பலமாக அடித்தால் கப்பல் போக்குவரத்து நின்றுவிடும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் விமானத்தை முதலில் போட்டு, தேதியைக் குறித்து வைத்து, எழும்பூர் ரயிலுக்கு அன்று காலையே டிக்கெட் எடுத்துவிடுங்கள். தை முகூர்த்த நாட்களில் அந்த வண்டி சீக்கிரம் நிறைந்துவிடும்.