14,400 ரூபாய் போச்சு: "சென்னை சர்வர்"னு சொன்னா உடனே நம்பாதீங்க

நேத்து ராத்திரிதான் உண்மை தெரிஞ்சுது. ஆத்திரத்தில் எழுதுறேன், கோர்வையா இருக்காது.

மதுரையில் நாலு ஹார்டுவேர் கடைக்கு பில்லிங் மென்பொருள் நடத்துறேன். ஒரு பில்லுக்குக் கடை கம்ப்யூட்டர் சர்வருக்கு இருபது தடவை போய் வரும். அதனால் சர்வர் பக்கத்தில் இருந்தே ஆகணும். ஆன்லைனில் சர்வர் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் "சென்னை டேட்டா சென்டர்"னு போட்டிருந்தாங்க. சோதிக்க ஒரு ஐபி, அதாவது இணையத்தில் சர்வரின் முகவரி எண், கேட்டேன், கொடுத்தாங்க. பிங் அடிச்சேன், அதாவது ஒரு சின்னத் தகவலை அனுப்பி, அது போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்த்தேன். 11 மில்லிசெகண்ட். அந்த ஒரு எண்ணை நம்பித்தான் ஒரு வருஷத்துக்கு 14,400 ரூபாயை மொத்தமா கட்டினேன்.

கைக்கு வந்த சர்வரின் ஐபி வேற. அதுக்கு 162. ஒரு பில்லுக்கு மூணு செகண்டுக்கு மேல!

அவங்ககிட்ட புகார் பண்ணினேன். "உங்க லைன் பிரச்சினை சார்." லைனை மாத்தினேன், அதே 162. "பிங்கை ரூட்டர் கடைசியாத்தான் கவனிக்கும் சார்." சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்புக்கும் அதே தாமதம். கடைசியா, "ஐபி லொகேஷன் பாருங்க, சென்னைன்னே காட்டுது." காட்டுச்சு! பத்து நாள் என் வாயை அடைச்சது அதுதான். ஐபி எந்த ஊர்னு காட்டும் தளங்கள் பலதும் ஐபியை வாங்கினவர் பதிவில் எழுதிய ஊரைத்தான் எடுத்துப் போடுது.

பிங் அதிகம்னா சர்வர் தூரம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நெரிசல் இருக்கலாம், சுற்றுவழியா இருக்கலாம். அந்தச் சந்தேகத்தில்தான் அவங்க ஒளிஞ்சுக்கிட்டாங்க. ஆனா குறைஞ்ச பிங்கை மறுக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ.தான் போகும். போய் வர 1 மில்லிசெகண்ட்னா, சர்வர் 100 கி.மீ.க்குள்ளதான் இருக்கணும். ஜெர்மனியில், பிராங்க்பர்ட்டில் இருக்கும் நண்பனை அதே ஐபிக்கு பிங் அடிக்கச் சொன்னேன். 1.8! அவனிடமிருந்து 180 கி.மீ.க்குள். சென்னை அங்கிருந்து ஏழாயிரம் கி.மீ.க்கு மேல.

ஆதாரத்தை அனுப்பினேன். "ரீஃபண்ட் ஏழு நாளுக்குள் கேட்டிருக்கணும்"னு ஒரு வரி, புகார் டிக்கெட்டை மூடிட்டாங்க. என் 14,400 ரூபாய்!

வாங்கப்போறவங்க சோதனை ஐபியை நம்பாதீங்க, உங்களுக்குத் தரப்போற ஐபியையே கேளுங்க. முதலில் ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டுங்க. பல ஊரிலிருந்து பிங் அடிச்சுப் பாருங்க, பல ஊரில் அளவுக்கருவி வச்சிருக்கும் ரைப் அட்லஸ்ங்கிற சேவையில் அதுக்கு வழி இருக்கு. தகவல் எந்த வழியா போகுதுன்னு காட்டும் டிரேஸ்ரூட் பத்தியும் எழுத நினைச்சேன், கடைக்காரர் கூப்பிடுறார், பில் மறுபடி நிக்குதாம்.