மெயில் அனுப்பும் பொறுப்பை ஏஜென்சியிடம் தரப் போகிறீர்களா? நான் பட்டதைக் கேட்டுவிட்டுத் தாருங்கள்

ஏழு மாதம் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிக்கு மாதம் தவறாமல் பணம் கட்டினேன். கடைசியில் வாடிக்கையாளருக்கு நான் அனுப்பும் பில்கூட ஸ்பேமில் போய் விழுகிற நிலைமை. பெயரைச் சொல்லப் போவதில்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது நாலு பேர் வேலை பார்க்கும் சின்னத் தொழில். ஆறு வருடத்தில் வாங்கியவர்கள், விசாரித்தவர்கள் என்று மூவாயிரத்துச் சொச்சம் முகவரி சேர்ந்திருந்தது. ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண்தான் மாதம் ஒரு மெயில் எழுதுவார். படம் கிடையாது, பட்டன் கிடையாது. புதிதாக என்ன வந்திருக்கிறது, எது தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பத்துப் பதினைந்து பேர் பதில் போடுவார்கள், நாலைந்து ஆர்டராக மாறும். கையில் இருந்ததன் அருமை எனக்குத் தெரியவில்லை. ஏஜென்சிக்காரர் வந்து, “சார், இந்த லிஸ்ட்டை நீங்க பயன்படுத்தவே இல்லை, விடுங்க நாங்க பார்த்துக்கிறோம்” என்றதும் விட்டுவிட்டேன்.

முதல் மாத ரிப்போர்ட்டில் ஓப்பன் ரேட், அதாவது மெயிலைத் திறந்தவர்கள், 58 சதவீதம். நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. பாதிக்கு மேல் ஆள் படிக்கிறார்களே என்று பூரித்துப் போனேன். அந்த எண்ணின் லட்சணம் பிறகுதான் தெரிந்தது. மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் படம் இருக்கும்; அது இறங்கினால் ‘திறந்தார்’ என்று கணக்கு. 2021 செப்டம்பரில் ஐபோனின் ஐஓஎஸ் 15 மென்பொருளுடன் ஆப்பிள் ஒரு வசதி கொண்டுவந்தது. அதை ஏற்றுக்கொண்டவர்களின் ஆப்பிள் மெயிலுக்கு வருகிற படங்களை ஆப்பிளின் சர்வரே முன்கூட்டி இறக்கி வைத்துவிடும். அவர் மெயிலைத் தொட்டிருக்கவே மாட்டார், நம் கணக்கில் அவர் திறந்தவர். கிளிக் கணக்கும் சுத்தமில்லை. பல அலுவலகங்களில் பாதுகாப்பு மென்பொருளே மெயிலில் உள்ள லிங்க்குகளை ஒருமுறை திறந்து சோதித்துப் பார்க்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ரிப்போர்ட்டின் உச்சியில் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போட்டார்கள். பதில் எத்தனை, ஆர்டர் எத்தனை என்ற வரியே இல்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு.

ஐந்தாவது மாதம் ஒரு பழைய வாடிக்கையாளர் போன் செய்தார். “பில் அனுப்பிட்டேன்னு சொல்றீங்க, எனக்கு வரலையே?” ஸ்பேமில் கிடந்தது. அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். அப்போதுதான் லிஸ்ட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். மூவாயிரம் பதினோராயிரமாகியிருந்தது! “பார்ட்னர் டேட்டா சார், ரீச் கூடும்” என்றார்கள். விலைக்கு வாங்கிய முகவரிகள் என்பதற்கு அது மரியாதையான பெயர். அப்படிப்பட்ட லிஸ்ட்டில் செத்துப்போன முகவரிகள் இருக்கும். ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே யாரும் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பொறி முகவரிகளும் இருக்கும். மீதிப் பேர் ‘யாருடா இது’ என்று ஸ்பேம் பட்டனை அமுக்குவார்கள். ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து கண்டிப்பாகச் சொல்கிறது: ஸ்பேம் என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஆயிரத்துக்கு மூன்று பேர்! இந்தப் புகார்க் கணக்கைக் காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம். எங்கள் டொமைனை, அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பிறகு வரும் பெயரை, அதில் சேர்த்துப் பார்த்தேன், நாங்கள் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியிருந்தோம். விளம்பர மெயிலும் பில்லும் ஒரே டொமைனிலிருந்து போனதால் கெட்ட பெயர் இரண்டுக்கும் சேர்த்தே வந்தது. விளம்பரத்துக்கென்று தனி சப்டொமைன், அதாவது டொமைனுக்குக் கீழே ஒரு கிளைப் பெயர், வைத்திருந்தால் அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது.

சரி, நிறுத்திக்கொள்ளலாம் என்றால் அடுத்த இடி. மெயில் அனுப்பும் அக்கவுண்ட் முழுக்க அவர்கள் பெயரில். லாகின் எனக்கு இல்லை. மூன்று வாரம் கெஞ்சியபின் ஒரு ஃபைல் அனுப்பினார்கள்: வெறும் முகவரிகள். யார் எப்போது சேர்ந்தார், யார் எங்கள் ஆள், யார் வாங்கி ஒட்டிய ஆள் என்று எந்தக் குறிப்பும் இல்லை. அன்சப்ஸ்கிரைப் செய்தவர்களின் பட்டியல் அறவே இல்லை. இது சின்ன விஷயம் போலத் தெரியும். வேறு இடத்துக்கு மாறும்போது அந்தப் பட்டியல் கூடவே வராவிட்டால், வேண்டாம் என்று போனவருக்கே மறுபடி மெயில் போகும். பல நாடுகளில் அது சட்டமீறல். எங்கள் பழைய பில் புத்தகத்தை வைத்து அந்தப் பெண்தான் இரண்டு வாரம் உட்கார்ந்து உண்மையான வாடிக்கையாளர்களைப் பிரித்தெடுத்தார்.

இப்போது எழுதுவது மறுபடி அவர்தான். மெயில் உண்மையிலேயே எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் அமைப்புகள் மூன்றையும் சரிசெய்து சப்டொமைனைப் பிரித்துத் தர மட்டும் தனியாக ஒருவரைப் பிடித்தேன். இரண்டு நாள் வேலை. இந்த விவகாரத்தில் நான் செலவழித்ததில் உருப்படியான பணம் அதுதான். சமீபத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி, பில் மறுபடி இன்பாக்ஸில் விழ மூன்று மாதம் பிடித்தது.

ஆள் பிடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் பழைய டிசைன்களைக் காட்டச் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். அக்கவுண்ட் என் பெயரில், என் கார்டில் இருக்கும், உங்களுக்கு உள்ளே வர அனுமதி மட்டும் தருவேன் என்று முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். லிஸ்ட்டில் வெளியாள் ஒருவரைக்கூடச் சேர்க்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மெயிலை எழுதப் போவது யார் என்றும் கேளுங்கள். எங்களுக்கு எழுதிய பையன் எங்கள் பொருளைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அன்சப்ஸ்கிரைப் பட்டியல் இன்னும் வரவில்லை. போன வாரம்கூடக் கேட்டு மெயில் போட்டேன். அவர்களுடைய ஸ்பேமில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.