பல் க்ளிப்புக்கு "எல்லாம் சேர்த்து" என்று பேக்கேஜ் பேசினால் உஷார்

திருச்சியில் ஒரு பல் கிளினிக்கில் என் மகளுக்கு க்ளிப் போட்டோம். "எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்தாயிரம், அதுக்கு மேல ஒரு பைசா வேண்டாம்" என்று சொல்லித்தான் முன்பணம் வாங்கினார்கள். மாட்டி அனுப்பும்போது என்ன சாப்பிடலாம், கம்பி குத்தினால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு துண்டுத்தாள்கூடத் தரவில்லை. "ரெண்டு நாள் வலிக்கும், அப்புறம் சரியாயிடும்" என்றதோடு சரி. அது என்னவோ உண்மைதான். க்ளிப் போட்டதும், ஒவ்வொரு முறை டைட் செய்ததும் சில நாள் பல் வலிக்கத்தான் செய்யும். இட்லி, குழைந்த தயிர்சாதம், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், தாங்காவிட்டால் வயதுக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும்.

வினை அதற்கப்புறம்தான். ஒரு சனிக்கிழமை ராத்திரி, கடைவாய்ப் பல்லைத் தாண்டி கம்பி நீட்டிக்கொண்டு கன்னத்தைக் குத்த ஆரம்பித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்கன்னத்தில் வெள்ளையாக ஒரு புண், நடுவில் குண்டூசி முனையளவு சிவப்பு. போன் செய்தால், "க்ளிப் டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு, வேணும்னா நெயில் கட்டரால வெட்டி விட்ருங்க" என்றார்கள். பணம் வாங்கும்போது அவர் வெளியிலிருந்து வருகிறவர் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த முறை போனபோது கம்பி வெட்ட ஐந்நூறு, கம்பி குத்தும் இடத்தில் வைக்கும் மெழுகு ஒரு டப்பா முந்நூறு, கழன்ற பிராக்கெட்டை (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னப் பிடி) ஒட்ட எண்ணூறு. "உங்க பொண்ணு முறுக்கு கடிச்சிருப்பா" என்று பழி வேறு. பிராக்கெட் கழன்றதற்காவது அப்படிச் சொல்லலாம். கம்பி நீண்டதற்கு அவள் என்ன செய்வாள்? பல் நகர்ந்து இடைவெளி குறையக் குறைய, மிச்சக் கம்பி பின்பக்கமாகத்தான் வெளியே வரும். சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கே அது அடையாளம். அதற்குத் தனிக்கட்டணம் எந்த ஊர் நியாயம்? இது போதாதென்று அன்றைக்கு வந்திருந்தது வேறொரு டாக்டர். எங்கள் ஃபைலே அவரிடம் இல்லை. "போன தடவை எந்தப் பக்கம் டைட் பண்ணாங்க?" என்று என் மகளிடமே கேட்டார்.

இதெல்லாம் நாங்கள் மாறிப்போன இன்னொரு மருத்துவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற மேல்படிப்பு முடித்தவர், தினமும் அங்கேயே இருப்பவர். அவர் முதலில் கற்றுக்கொடுத்தது மெழுகு வைக்க. பட்டாணி அளவு உருட்டி, குத்தும் இடத்தைப் பஞ்சால் ஈரம் போகத் துடைத்துவிட்டு அழுத்த வேண்டும். ஈரத்தில் வைத்தால் நிற்காது. மருந்துக்கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. மெல்லிய கம்பி என்றால் பென்சிலின் ரப்பர் முனையால் பல்லோடு மெதுவாக வளைத்துவிடலாம். வீட்டில் வெட்ட வேண்டாம், துண்டு தொண்டைக்குள் போய்விடும் என்றார். பிராக்கெட் கழன்று கம்பியிலேயே தொங்கினால் பிய்க்காமல் மெழுகு வைத்துவிட்டு டாக்டருக்குச் சொல்ல வேண்டும். தனியாக வந்துவிட்டால் டப்பாவில் போட்டு எடுத்துப் போக வேண்டும். பசை போட்டு ஒட்டும் வேலை கூடவே கூடாது. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மெழுகோடு உட்கார்ந்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

பழைய கிளினிக்கில் எக்ஸ்ரேயும் பல் அச்சும் கேட்டோம். தரவில்லை. "பாதியில போறதா இருந்தா மொத்தப் பணத்தையும் கட்டிட்டுப் போங்க" என்றார்கள்.

க்ளிப் போடுவது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடச் சமாச்சாரம். அதனால் முன்பணத்துக்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள்: பார்க்கப்போவது யார், அவருடைய பதிவு எண் என்ன, கம்பி குத்தினால், பிராக்கெட் கழன்றால் கட்டணம் உண்டா, கடைசியில் பல் பழையபடி நகராமலிருக்கப் போடும் ரிடெய்னர் பேக்கேஜில் சேர்த்தியா. முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமை யார் போன் எடுப்பார்கள்? பதில் சொல்ல இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்களுக்கு அவர்கள் பில்லே தரவில்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்துத்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி பேச ஆளில்லாத கிளினிக்கிலிருந்து இப்போது அவர்களாகவே போன் செய்கிறார்கள்.