சிட்னிப் பயணத்தில் ரூ. 74,600 இழந்தேன்: இணைப்பு விமானத்தில் போகிறவர்கள் கவனிக்கவும்

மகளின் பேறுகாலத்துக்காக நானும் என் மனைவியும் சென்ற வாரம் திருச்சியிலிருந்து சிட்னிக்கு வந்தோம். வந்து நான்கு நாட்களாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. ஊரில் ஒரு பயண முகவரை நம்பி ரூ. 74,600 இழந்திருக்கிறேன்.

திருச்சிக்கும் சிட்னிக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 9,100 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. கோலாலம்பூர் வழியாக வந்தால் முதல் 2,700 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம், அடுத்த 6,600 கிலோமீட்டருக்கு எட்டு மணி நேரம் பறக்க வேண்டும். முகவர் இதை ஒரு தாளில் தம் கைப்பட எழுதிக் காட்டினார். "இரவு 12.30க்கு ஏறி 4.30க்கு இறங்குகிறீர்கள் சார். அடுத்தது 9 மணிக்குத்தான். நடுவில் நாலரை மணி நேரம், நிதானமாகக் காபி குடித்துவிட்டுப் போகலாம்." என் மனைவிக்கு மூட்டுவலி என்றதும் சக்கர நாற்காலிக்கும் தாமே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அந்தக் கரிசனத்தில்தான் விழுந்தேன். பயணச்சீட்டைப் படித்துக்கூடப் பார்க்காமல் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் எழுதிய 4.30 இந்திய நேரம். 9 மணியோ மலேசிய நேரம். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நாங்கள் இறங்கியபோது அங்கே காலை 7 மணி. கையில் இருந்தது இரண்டே மணி நேரம். அதிலும் இரண்டு நிறுவனங்களில் தனித்தனியே எடுத்த சீட்டுகள் என்பதால், குடிவரவுச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, ரயிலேறி மற்ற முனையத்துக்குப் போய், மறுபடியும் பெட்டிகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. மலேசியாவுக்குள் நுழைய இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டிய வருகை அட்டையைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. வரிசையிலிருந்து விலகி நின்று கைபேசியில் நிரப்பினோம். கவுன்டரை 8 மணிக்கே மூடிவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 8.40. இரவு விமானத்துக்கு இருவருக்கும் புதிதாகச் சீட்டு எடுத்ததில் போனதுதான் அந்த ரூ. 74,600.

சிட்னி இப்போது நாலரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அவர் கடை திறக்கும் வரை மதியம் இரண்டரை மணிக்காகக் காத்திருந்து தினமும் அழைக்கிறேன். முதல் நாள், "கம்பெனியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் சார்" என்றார். மறுநாள், "டிக்கெட்டில் 7.00 என்று சரியாகத்தானே இருக்கிறது, நீங்கள் பார்த்திருக்க வேண்டாமா?" என்றார். அது உண்மைதான், பார்த்திருக்க வேண்டும், ஆனால் 4.30 என்று எழுதியது யார் கை? அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் மட்டும் வரவில்லை. நேற்று ஒரு பெண் எடுத்து, சார் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். ரூ. 74,600 போன மனிதனுக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்.

இணைப்பு விமானங்களைப் பற்றி விரிவாக எழுத நினைத்திருந்தேன். மகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போக நேரமாகிவிட்டது. இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் சீட்டில் அச்சான உள்ளூர் நேரத்தை வைத்தே கழித்துப் பாருங்கள். இரண்டு விமானங்களுக்கும் ஒரே முன்பதிவு எண்தானா என்று கேளுங்கள். முனையத்தைப் பாருங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். எனக்கு அதைக்கூட அவர் தரவில்லை.