பழைய காதல் காமெடிப் படங்கள்: இன்றைக்கும் எதெல்லாம் தேறும்?

பழைய காதல் காமெடிப் படம் ஒன்று இன்றைக்குத் தேறுமா என்று பார்க்க என்னிடம் ஒரு சின்னச் சோதனை உண்டு. அதிலிருந்து காமெடியை மட்டும் உருவி எடுத்துவிட்டால் காதல் கதை தனியாக நிற்கிறதா? நின்றால் அந்தப் படத்தை விட்டுவிடலாம். பொய்யும் ஆள்மாறாட்டமும் இல்லாவிட்டால் அந்தக் காதலே நடந்திருக்காது என்கிற அளவுக்குப் பின்னிய படங்கள்தான் இத்தனை வருடம் கழித்தும் அலுக்காமல் ஓடுகின்றன. மற்றதிலெல்லாம் நாயகனும் நாயகியும் ஒரு பக்கம் உருகிக்கொண்டிருப்பார்கள், காமெடியன் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் எங்கோ அடி வாங்கிக்கொண்டிருப்பார். காதலை ஓட்டிவிட்டுக் காமெடியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம்.

கலைவாணர் பிறந்த ஊர்க்காரன் இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். என்.எஸ்.கிருஷ்ணன் எங்கள் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர்தான், டி.ஏ.மதுரத்தோடு சேர்ந்து தனி காமெடிப் பகுதியையே ஒரு கலையாக ஆக்கியவர். அவருக்கு அது வந்தது. பின்னால் வந்தவர்கள் பலர் செய்தது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை.

சரி, படங்களுக்கு வருகிறேன். தக்கலைப் பக்கம் மழைக்குப் பஞ்சமில்லை, தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே இங்கே வந்து கொட்டிவிட்டுத்தான் போகும். அப்படி வீட்டுக்குள் அடைபட்ட நாட்களில் ஆச்சியையும் கல்லூரியில் படிக்கிற தங்கச்சி மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை நடுவில் வைத்து, பார்த்துத் தேற்றியவை இவை. ஆச்சிக்குப் பாட்டு நன்றாக இருக்க வேண்டும். தங்கச்சி மகளுக்குப் படத்தில் வரும் பெண்ணுக்கு மூளை இருக்க வேண்டும். இரண்டு பேரும் எழுந்து போகாத படம்தான் இந்தப் பட்டியலில் நிற்கிறது.

முதலில் ‘காதலிக்க நேரமில்லை’. 1964. இதைப் பற்றி எழுதாத ஆள் இல்லை, ஆனாலும் விட முடியாது. அதுவரை ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று ஊரையே அழவைத்த ஸ்ரீதர், திடீரென்று கலரில், சாவு இல்லாமல், கண்ணீர் இல்லாமல் ஒரு படம் எடுக்கிறார். கூட உட்கார்ந்து எழுதியவர் சித்ராலயா கோபு. ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். வேலை போன பையன் ஒரு பணக்காரரின் மகளைக் காதலிக்கிறான், அவருடைய சம்மதத்தை வாங்குவதற்காக நண்பன் முத்துராமன் நரைமுடி வைத்துக்கொண்டு அவனுடைய கோடீஸ்வர அப்பாவாக வந்து இறங்குகிறார். அந்த நண்பன் காதலிப்பதோ அதே வீட்டின் இன்னொரு பெண்ணை. இந்த முடிச்சு விழுந்தபிறகு படம் தானாக உருள்கிறது.

எல்லோரும் நாகேஷ் கதை சொல்லும் காட்சியைத்தான் சொல்வார்கள். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி செல்லப்பா, பணம் கறப்பதற்காக, அந்தப் பணக்காரராக வரும் தன் அப்பா பாலையாவிடம் பேய்க்கதை சொல்கிற அந்த இடம். அடுத்த தடவை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். வசனம் என்று அவருக்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் ‘இவன் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறான்’ என்கிற அலட்சியம், பிறகு கொஞ்சம் ஆர்வம், பிறகு கண் லேசாக விரிகிறது, பிறகு உடம்பு நாற்காலிக்குள் ஒடுங்குகிறது. நாகேஷ் சத்தங்களையும் வாயாலேயே போட்டுப் போட்டு ஏற்றிக்கொண்டே போக, பாலையாவின் முகம்தான் அந்தக் காட்சியைத் தாங்குகிறது. தங்கச்சி மகள் பின்னால் போய் இரண்டாவது முறை போட்டுப் பார்த்தாள். அதேபோல, தான் வேலையை விட்டுத் துரத்திய பையன் கோடீஸ்வரன் மகன் என்று தெரிந்ததும் “அசோகர் உங்க மகருங்களா” என்று குழைகிறாரே, அந்த ஒரு வரியில் அந்த ஆளின் முழு ஜாதகமும் இருக்கிறது. அவருடைய பணத்தாசை இல்லாவிட்டால் முத்துராமனின் நரைமுடிக்கு வேலை ஏது? முன்னால் சொன்ன சோதனையில் நூற்றுக்கு நூறு. பாட்டு விஸ்வநாதன் ராமமூர்த்தி, ஆச்சி எல்லாவற்றையும் கூடவே முனகிக்கொண்டிருந்தார், அதுவும் நூறு.

‘மிஸ்ஸியம்மா’ அதற்கும் முந்தையது, 1955. எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ந்தேதிதான், ஆக இந்தப் படம் வந்தபோது நாங்கள் திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்கள். ஆனால் கதை என்னவோ எங்கள் தெருவைப் பார்த்து எழுதியது மாதிரி இருக்கும். வேலையில்லாத ஒரு இந்துப் பையனும் கடன் தொல்லையில் இருக்கும் மேரி என்கிற கிறிஸ்தவப் பெண்ணும், கணவன் மனைவிக்குத்தான் வேலை என்று ஒரு பள்ளிக்கூடத்தில் சொன்னதால் தம்பதியாக நடித்து வாத்தியார் வேலைக்குச் சேர்கிறார்கள். கோயில் கொடையும் சர்ச் திருவிழாவும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நடக்கிற ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, சாவித்திரி குங்குமத்துக்கும் பூவுக்கும் முகம் சுளிக்கிற இடங்களெல்லாம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பு வரும்.

இதில் சாவித்திரிதான் எல்லாம். ஜெமினி கணேசன் அடக்கமாக ஒதுங்கி வழிவிடுகிறார், அது அவருடைய கெட்டிக்காரத்தனம். ‘வாராயோ வெண்ணிலாவே’ என்றதும் இன்று எல்லோரும் உருகுகிறோம், பாட்டை மட்டும் தனியாகக் கேட்டால் காதல் பாட்டு என்றுதான் நினைப்போம். படத்தில் பார்த்தால் இரண்டு பேரும் நிலாவிடம் ஒருவரைப் பற்றி ஒருவர் குற்றப்பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏ.எம்.ராஜாவும் பி.லீலாவும் அதை எவ்வளவு இனிமையாகப் பாடுகிறார்கள் பாருங்கள், சண்டை என்றே தெரியாது. அப்புறம் பள்ளிக்கூடம் நடத்துகிற ஜமீன்தாரின் மகள் ஜமுனாவுக்கு ஜெமினி பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்ததும் சாவித்திரிக்கு ஏறுகிற கோபம்: கதவைச் சாத்துகிற வேகத்தில், நடையில், பதில் சொல்லாமல் திரும்பிக்கொள்வதில் எல்லாம் தெரியும்.

குறையும் சொல்ல வேண்டும். கடைசியில் மேரி அந்த ஜமீன்தார் வீட்டில் சின்ன வயதில் தொலைந்துபோன மகள் என்று கண்டுபிடித்து, மதப் பிரச்சினையே இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். எழுபது வருடப் பழைய படம், முடிவைச் சொன்னதற்கு யாரும் சண்டைக்கு வர மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆச்சி எல்லாப் பாட்டையும் ரசித்துவிட்டு அந்த இடத்தில்தான் கேட்டார்: “அவ மேரியாவே இருந்துட்டுப் போனா இவனுக்கு என்னவாம் மக்களே?” 1955-ல் அந்த அளவுக்கு யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆனாலும் முடிவுக்கு முன்னால் உள்ள அத்தனையும் தங்கம்.

‘தில்லு முல்லு’, 1981. பாலசந்தர், ஹிந்தி ‘கோல்மால்’ படத்தின் ரீமேக், வசனம் விசு. பொய் சொல்லிக் கால்பந்து மேட்ச் பார்க்கப் போன இடத்தில் முதலாளி கண்ணில் பட்டுவிட்டு, ‘அது நானில்லை, என் இரட்டைத் தம்பி’ என்று சமாளிப்பதில் ஆரம்பிக்கிறது எல்லாம். தூத்தூர் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர்களுக்கு இதில் எந்த விளக்கமும் தேவையில்லை, கால்பந்துக்காக அவர்கள் இதைவிடப் பெரிய பொய் சொல்லக்கூடியவர்கள். மீசை இருந்தால் சந்திரன், எடுத்துவிட்டால் இந்திரன். ரஜினியை எல்லோரும் பாராட்டுகிறோம், ஆனால் படம் முதலாளியாக வரும் தேங்காய் சீனிவாசனுடையது. மீசையில்தான் ஒழுக்கம் இருக்கிறது என்று அவர் துளிகூடச் சிரிக்காமல் நம்புகிறார், அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. மகனே இல்லாத சௌகார் ஜானகி அம்மாவாக மாட்டிக்கொண்டு படும் பாடு தனி. காதல் பகுதி கொஞ்சம் மெலிந்ததுதான், மாதவிக்கு வேலை குறைவு. தங்கச்சி மகள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

பாக்யராஜின் ‘இன்று போய் நாளை வா’வும் அதே 1981. எனக்கு ரொம்பப் பிடித்த படம், அதனாலேயே இதைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். புதிதாகக் குடிவந்த பெண்ணை மூன்று பேர் குறிவைத்து, அவள் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவரையும் காக்கா பிடிக்கக் கிளம்புகிறார்கள். அந்த ஹிந்திப் பாடம், “ஏக் காவ் மே ஏக் கிஸான்”, இன்னமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைக்கிறது. ஆனால் பெண் போகிற இடமெல்லாம் பின்னால் போவதை இப்போது பார்த்தால் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கிறது. “மாமா, இவனுங்க மூணு பேர் மேலயும் புகார் குடுக்கலாம்” என்றாள் தங்கச்சி மகள். கொடுக்கலாம்தான். நான் ஹிந்திப் பாடத்துக்காக மன்னித்துவிடுகிறேன், நீங்கள் உங்கள் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இங்கே மலையாளப் படத்தைச் சேர்க்காமல் விட்டால் மார்த்தாண்டம் பக்கம் தலைகாட்ட முடியாது. களியக்காவிளை தாண்டினால் கேரளம், சப்டைட்டில் என்றால் என்னவென்று தெரியாத காலத்திலேயே மோகன்லாலையும் ஜெகதியையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ‘மேலேப்பறம்பில் ஆண்வீடு’, 1993, ராஜசேனன் படம். பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போன ஜெயராம் அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அதை வீட்டில் சொல்லத் தைரியமில்லாமல், ஷோபனாவை வேலைக்காரி என்று சொல்லிக் கூட்டிவருகிறான். அந்த வீட்டு ஆண்கள் தமிழோடு மல்லுக்கட்டுவதும் அவள் மலையாளத்தோடு மல்லுக்கட்டுவதும் இரண்டு பாஷையும் தெரிந்த எங்களுக்கு இரட்டிப்புச் சிரிப்பு. என் பெரியம்மா மகள் பாறசாலைக்குக் கல்யாணமாகிப் போன புதிதில் பட்ட அவஸ்தையெல்லாம் ஞாபகம் வந்தது. இந்தப் படத்துக்குத் தங்கச்சி மகள் என்ன சொல்வாளோ என்று பயந்தேன். கட்டிய மனைவியைப் பாத்திரம் தேய்க்க விட்டுவிட்டு முழிக்கிற ஒரு கோழை என்று ஜெயராமைத் திட்டிக்கொண்டே கடைசி வரை பார்த்தாள். படமே அவனை அப்படித்தான் காட்டுகிறது, அதனால் தப்பித்தது.

‘சித்ரம்’ பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். பிரியதர்ஷன், மோகன்லால், 1988. காமெடி என்று நம்பிப் போடுவீர்கள், முக்கால்வாசிப் படம் அப்படியே இருக்கும். கடைசியில் என்ன ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஆச்சி அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

மீதியைச் சுருக்கமாக. ‘உள்ளத்தை அள்ளித்தா’ (1996) கவுண்டமணிக்காகவும் இரண்டு வேடத்தில் வரும் மணிவண்ணனுக்காகவும் பார்க்கலாம், ஆள்மாறாட்டக் கதை கச்சிதமாக இருக்கிறது, ஆனால் பாட்டுகளில் கேமரா போகிற போக்குக்குக் கையில் ரிமோட் இருப்பது நல்லது. ‘சதி லீலாவதி’ (1995) கோவை சரளாவுக்காக. கமலுக்கு ஜோடியாக நடித்து, கமலையே ஓரமாக நிற்க வைத்திருக்கிறார். காதலைவிடக் கல்யாணத்துக்குப் பிறகான கூத்துதான் அதிகம் என்றாலும் சேர்த்துக்கொள்கிறேன்.

எங்கே பார்ப்பது என்பதுதான் தலைவலி. இதில் பல படங்கள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கும், ஆனால் ஒரே படத்துக்கு நாலைந்து பதிவு இருக்கும், ஒன்றில் பாட்டை வெட்டியிருப்பார்கள், இன்னொன்றில் அகலத் திரைக்காக இழுத்து பாலையாவை இன்னும் குண்டாக்கியிருப்பார்கள். நான் சந்தா கட்டுகிற ஒரு செயலியில் மேலும் கீழும் வெட்டியதில் ஆட்களுக்குப் பாதி நெற்றியே இல்லை, புகார் எழுதியும் பதில் இல்லை. ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள், நிறையப் பாட்டு உள்ள பழைய படம் ரெண்டு மணி நேரத்துக்குள் முடிந்தால் எதையோ வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அப்புறம் ‘தில்லு முல்லு’ தேடும்போது 1981 என்று சேர்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் 2013-ல் சிவா நடித்த ரீமேக் முன்னால் வந்து நிற்கும்.