அடைத்துக் கட்டிய சிறு வீட்டுக்கு எந்த விறகடுப்பு?

பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு வகுத்திருக்கும் குறைந்தபட்சப் பரப்பு, சமையலிடத்தையும் சேர்த்து, 25 சதுர மீட்டர். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கடலோரத்தில் ஓலைக் குடிசை நின்ற பல மனைகளில் இன்று அந்த அளவிலான கான்கிரீட் வீடுகளே நிற்கின்றன. ஓலைக் கூரை புகையைத் தன் இடுக்குகள் வழியே கசியவிட்டது, தளம் விடுவதில்லை. அதன் மேல் வெயிலுக்குத் தட்டோடு பதித்து, தென்மேற்குக் கச்சான் காற்றோடு வரும் மணலுக்கு அஞ்சிச் சன்னல்களையும் இறுக்கிவிட்டால், வெளிச்சூடு உள்ளே வராதது போலவே உள்ளே பிறந்த சூடும் புகையும் வெளியே போவதில்லை.

குளிர் நாடுகளில் இத்தகைய வீட்டுக்கு அடுப்பு தேடுபவர் அறையைச் சூடாக்கவே தேடுகிறார். பெரிய அடுப்பை வாங்கிவிட்டுக் காற்றை அடைத்து அணைய அணைய எரித்தால் புகைபோக்கியில் தார் படியும் என்பதால், சிறியதையே தேர்ந்தெடுக்கிறார். நமக்கோ அடுப்பின் சூடு பானைக்கு மட்டும்தான் வேண்டும். ஆகவே, எவ்வளவு விறகு மிச்சமாகும் என்பதைவிட, பானையில் ஏறாத சூடும் புகையும் எங்கே போகும் என்பதே இங்கே முதல் கேள்வி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2013ஆம் ஆண்டு விதிப்படி, விசிறியில்லாத மேம்பட்ட அடுப்பின் வெப்பத் திறன், அதாவது விறகுச் சூட்டில் பானைக்குச் சேரும் பங்கு, குறைந்தது 25 விழுக்காடும், விசிறி வைத்ததன் திறன் குறைந்தது 35 விழுக்காடும் இருக்க வேண்டும். புகைபோக்கி இல்லையென்றால், விதிக்கு உட்பட்ட அடுப்பேயானாலும் விறகுச் சூட்டில் பெரும்பங்கு அறைக்குள்தான் தங்கும் என்பதே இதன் மறுபக்கம்.

காற்றுக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகு முழுமையாக எரிய ஏறத்தாழ 5 கனமீட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் அடுப்பு அதைப்போல் இரு மடங்கு இழுக்கும். 6 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் உள்ள அடுக்களையில் இருப்பது 18 கனமீட்டர். இரண்டு கிலோ விறகு எரிந்து முடிவதற்குள் அடுப்பு அந்த அறைக் காற்று முழுவதையும் ஒருமுறை விழுங்கிவிடும்.

நம் கொடியடுப்பு இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? முதல் வாயில் சோறு கொதிக்க, மிஞ்சிய அனல் கொடி வாய்க்குப் போய் மீன் குழம்பைச் சுண்ட வைக்கிறது. இந்த அமைப்பில் குறையில்லை. பானையைத் தாங்கும் குமிழ்களின் இடைவெளியில் கக்கும் புகைதான் குறை. கொடிக்கு அப்பால் ஒரு குழாயை இணைத்துவிட்டால் அதுவே புகையில்லா அடுப்பு. 1983இல் தொடங்கி 2002இல் நிறுத்தப்பட்ட தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் இத்தகைய அடுப்புகளை நாடெங்கும் கட்டியது. அவற்றில் பல கைவிடப்பட்டதற்கு, கரி அடைத்த குழாயைத் துடைக்க ஆளில்லாமல் போனதும் ஒரு காரணம். என் பார்வையில், அடுக்களை வீட்டுக்குள்ளேயே இருக்கும் குடும்பத்துக்கு இதற்கு இணையான வேறு அடுப்பு இல்லை; ஆனால் குழாயைச் சரியாக வைக்க வேண்டும்.

தளத்தைத் துளைத்துக் குழாய் ஏற்றினால் ஐப்பசி மழையில் அந்தத் துளையே ஒழுகத் தொடங்கும் என்று கொத்தனார்கள் தயங்குவது நியாயமே. சுவர் வழியாக வெளியே கொண்டுபோய், அங்கிருந்து நிமிர்த்தி, கைப்பிடிச் சுவரைவிட இரண்டடியாவது உயர்த்துவது நல்லது. தாழ்ந்து நின்றால் சுவரில் மோதிச் சுழலும் காற்று புகையைக் கீழே தள்ளும். உச்சிக்கு ஒரு தொப்பி வேண்டும். அடியில் கரியைத் தட்டியெடுக்கத் திறக்கக்கூடிய மூடி வேண்டும். சாதாரணத் தகரக் குழாயை உப்புக்காற்று விரைவில் அரித்துவிடும் என்பதால், துருப்பிடிக்காத எஃகே மேல். இன்னொன்றும் உண்டு. எல்லாச் சன்னலையும் சாத்திக்கொண்டு, காற்றை வெளியேற்றும் சுவர் விசிறியைப் போட்டால், அது காற்றைப் புகைபோக்கி வழியாகவே கீழே இழுக்கும். அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுப்பு எரியும்போது எதிர்ச் சன்னல் ஒரு சாணாவது திறந்திருக்க வேண்டும்.

ராக்கெட் அடுப்பு, 1980களில் அமெரிக்கப் பொறியாளர் லாரி வினியார்ஸ்கி வடிவமைத்தது. வளைந்த எரியறையைச் சுற்றி வெப்பம் கசியாத உறை இருப்பதால், அதில் சுள்ளிகள் கடுஞ்சூட்டில், குறைந்த புகையோடு எரிகின்றன. குறைந்த புகை வேறு, புகையே இல்லாமை வேறு. சந்தையில் கிடைக்கும் சிறிய வகைகளில் பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கி கிடையாது. எனவே காற்று மறைவுள்ள பின்கட்டோ தாழ்வாரமோ இருப்பவர்களுக்கே இது ஏற்றது. தூக்கி இடம் மாற்றலாம் என்பதால், வாடைக்கு ஒரு மூலையும் கச்சானுக்கு வேறொரு மூலையுமாக வைத்துக்கொள்ளலாம்.

விசிறி அடுப்பு திறனில் முதலிடம் பெறுகிறது, பொறுமையைச் சோதிப்பதிலும் அப்படியே. இங்கே மலிவாகக் கிடைக்கும் சீமைக்கருவேலம் கனமானது, நின்று எரிவது. ஆனால் முள் கழித்து, விரல் நீளத் துண்டுகளாக்கி, நன்றாகக் காய வைத்தால்தான் இந்த அடுப்பு ஏற்றுக்கொள்ளும். மின்கலமும் கம்பி இணைப்பும் உப்பில் பச்சை பிடிக்கும். நாள்தோறும் துண்டு வெட்ட ஆளுள்ள வீட்டுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

கரி போட்டு எரிக்கும் குமுட்டி அடுப்பை ஒதுக்கிவிடலாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கரி மூட்டம் போடும் மாவட்டத்தில் கரிக்குப் பஞ்சமில்லை, கரியில் புகையும் இல்லை. அந்தப் புகையின்மைதான் ஏமாற்றுகிறது. தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, கண்ணும் எரியாது. மழைநாளில் குளிருக்காக அதை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பது உயிருக்கே ஆபத்து.

எந்த அடுப்பானாலும், கரையில் ஒதுங்கிய கட்டைகளையும் உடைந்த வள்ளத்தின் சாயம் பூசிய பலகைகளையும் அதில் எரிக்கக் கூடாது. உப்பேறிய மரம் குழாயை உள்ளிருந்து அரிப்பதோடு நச்சுப் புகையையும் விடும். பனை மட்டையும் தென்னம்பாளையும் குப்பென்று பற்றி அடங்குபவை. மூட்டுவதற்கு அவற்றையும் நின்றெரியக் கருவேலத்தையும் வைத்துக்கொண்டு, விறகைப் புரட்டாசிக்குள் தாழ்வாரத்தில் அடுக்கிவிட வேண்டும்.